சாவி வண்டியிலேயே இருக்கட்டும்

ஆரின் பெக்லண்டுக்கு ஐம்பத்தாறு வயது. இந்த ஐம்பத்தாறு வருஷத்தில் அவன் உடம்பில் ஏறிய கோட்டு, காலில் ஏறிய பூட்ஸ், குதிரைமேல் போட்ட சேணம் எல்லாமே முதலில் அவனுடைய அண்ணன் கார்லண்டிடம் இருந்தவை. கார்லண்டுக்கு அலுத்துப்போனதும் தம்பிக்கு வரும். சும்மா வராது, ஒரு விலை வைத்துத்தான் வரும். அப்பா செத்தபோது நெப்ராஸ்கா மணல்மேட்டுப் பண்ணையும் இதே லட்சணத்தில்தான் பிரிந்தது. நிலமும் மாடும் மூத்தவனுக்கு. மூத்தவன் புது வீடு கட்டிக்கொண்டு போனதும், அவன் குடியிருந்த பழைய டிரெய்லர் வீடு இளையவனுக்கு. அதில் இருந்துகொண்டு அண்ணனுடைய மாட்டை அண்ணன் தரும் சம்பளத்துக்கு மேய்த்தான் ஆரின். அந்தப் பக்கத்தில் இப்படி எத்தனையோ தம்பிமார் உண்டு. நிலத்தைத் துண்டு போட்டால் யாருக்கும் ஒன்றும் மிஞ்சாது என்று அவனே மற்றவர்களுக்கு நியாயம் சொல்வான்.

எதிர்த்திசையில் போனது ஒன்றே ஒன்று. அது நோலா. ஆரின் அவளை இரண்டு தடவை நடனத்துக்குக் கூட்டிப் போயிருந்தான். மூன்றாவது தடவை கார்லண்ட் கூட்டிப் போனான், அந்தக் கோடையிலேயே கல்யாணமும் ஆனது. வருஷம் தவறாமல் நன்றிநாள் விருந்தில், வான்கோழியை அறுத்துக்கொண்டே கார்லண்ட் சொல்வான்: "என் வாழ்க்கையில செகண்ட் ஹேண்டா நான் வாங்கினது என் பொண்டாட்டியை மட்டும்தாம்பா. அதுவும் ரெண்டே தடவை ஓடின வண்டி." மேஜையே விழுந்து விழுந்து சிரிக்கும். நோலாவும் சிரிப்பாள். ஆரினும் சிரித்துத் தொலைப்பான், வேறு என்ன செய்வது?

அந்த வருஷம் பிப்ரவரியில் ஆரினுடைய பிக்கப் வண்டி, அதுவும் கார்லண்ட் ஓட்டித் தள்ளியதுதான், எஞ்சின் இறுகிச் செத்தது. ஆரின் துக்கப்படவில்லை. ஆல்டன் நகரத்து வண்டிக் கடையில் ஒரு பச்சை பிக்கப் நின்றிருந்தது. ஆறு வருஷப் பழசு. யாரோ முன்பின் தெரியாதவன் ஓட்டியது. அதுதான் ஆரினுக்கு அதில் பிடித்த விஷயமே. பெக்லண்ட் குடும்பத்தில் எவனுடைய பின்பக்கமும் படாத சீட்டு. தன் காசில், தானாகப் பார்த்து, தனக்கென்று ஒரே ஒரு பொருளாவது வாங்கிவிட்டுத்தான் சாக வேண்டும் என்று பதினோரு வருஷமாக மனசுக்குள் வைத்திருந்தான். கேட்பதற்குச் சின்ன ஆசைதான். அவனுக்கு அது ஒன்றுதான் இருந்தது.

ஏப்ரல் முதல் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் கார்லண்ட் அந்த ஆசையில் கை வைத்தான்.

"அந்தப் பச்சை வண்டிக்கு முன்பணம் கொடுத்துட்டியாடா?"

"இன்னும் இல்ல. புதன்கிழமை க்ளீட்டோட சந்தைக்குப் போறேன். அப்படியே..."

"கொடுத்துத் தொலைக்காத. என் சிவப்பை எடுத்துக்கோ." கார்லண்ட் ரொட்டியால் தட்டை வழித்தான். "எனக்குத்தான் புதுசு வந்தாச்சே. பதினெட்டாயிரம் மைல் ஓடியிருக்கு, அவ்வளவுதான். மைனஸ் முப்பதுல கூட ஒரே திருப்புல எந்திரிச்சு நிக்கும். ஹீட்டர் இருக்கே, ரெண்டு நிமிஷத்துல ஜூன் மாசம்!"

"எவ்வளவு?"

"பதினஞ்சாயிரம். வெளியில கொடுத்தா பதினாறரை. தம்பியாச்சேன்னு குறைக்கறேன்."

"பச்சை வண்டி பன்னெண்டுதான் சொன்னாங்க."

நோலா உருளைக்கிழங்குப் பாத்திரத்தை அவன் பக்கம் தள்ளினாள். "எவனோ ஓட்டின வண்டி, எங்க முட்டினானோ, எதை ஏத்தினானோ. இது வீட்டு வண்டி ஆரின். நீயேதானே ரெண்டு வருஷமா கழுவி விட்டுட்டிருக்க?"

அது வாஸ்தவம். ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தச் சிவப்பு பிக்கப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியவன் அவன்தான். யாருக்கும் தெரியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தும் பார்த்திருக்கிறான். வண்டியைப் பற்றிச் சொல்ல ஒரு குறையும் கிடையாது. வண்டி யாருடையது என்பதுதான் குறை. அதை எந்த வாயால் சொல்வது? அதனால் மடத்தனமாக வேறொன்றைச் சொன்னான்.

"மெக்கானிக்கிட்ட ஒருதரம் காட்டிட்டு..."

மேஜையில் கரண்டிச் சத்தம் நின்றது. அந்த ஊரில் சொந்தக்காரனுடைய வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பதும், அவனுடைய பாக்கெட்டில் கைவிட்டுப் பார்ப்பதும் ஒன்று.

"ஏன், உன் அண்ணனைக் கூட்டிட்டுப் போயி போலீஸ்ல ரேகை எடுத்துட்டு வாயேன்," என்றாள் நோலா.

கார்லண்ட் கோபப்படவில்லை. அவனுக்குக் கோபமே வராது, சிரிப்புதான் வரும். அதுதான் மோசம். "விடு நோலா. வாழ்க்கையில முதல் தடவையா யோசிக்கறான், யோசிக்கட்டும். டேய், ஒரு வாரம் ஓட்டிப் பாரு. அடுத்த ஞாயிறு இதே மேஜையில சொல்லு. வேண்டாம்னா வேண்டாம்." கொஞ்சம் நிறுத்தி, "அந்த டிரெய்லர் வீட்டுக் கூரையைப் பத்தியும் அன்னைக்கே பேசிக்கலாம்," என்றான்.

கூரை ஒழுகி இரண்டு குளிர்காலம் ஆயிற்று. பதில் சரியாக இருந்தால் கூரை வரும் என்று அர்த்தம்.

திங்கட்கிழமை காலை ஆரின் சிவப்பு பிக்கப்பில் ஏறி நெடுஞ்சாலைக்குப் போனான். அடடா, என்ன வண்டி! சாவியைத் தொட்டதும் எழுந்தது. எதிரே வந்த முதல் வண்டிக்காரன், அங்குள்ள வழக்கப்படி, ஸ்டியரிங்கிலிருந்து விரலைத் தூக்கினான். ஆரினுக்கு நாற்பது வருஷமாக ஒரு விரல்தான் தூக்குவார்கள். இன்று இரண்டு விரல், கூடவே தலையாட்டல். கிட்டே வந்து, உள்ளே இருப்பது கார்லண்ட் அல்ல என்று தெரிந்ததும், ஒரு விரல் மடங்கியது. அடுத்த வண்டியிலும் அப்படியே. பன்னிரண்டு மைலில் ஒன்பது வண்டி, ஒன்பது விரல் மடங்கின. ஆரின் எண்ணிக்கொண்டே வந்தான். இருந்தாலும் அந்த வண்டியை அவன் ரசித்தான். ரேடியோவில் தனக்குப் பிடித்த ஸ்டேஷனை வைத்தான், சீட்டைத் தன் குட்டைக் காலுக்குத் தகுந்தபடி முன்னால் இழுத்தான், கண்ணாடியைத் திருப்பினான். திங்கள் சாயங்காலம் அவன் மனசு முக்கால்வாசி சிவப்பு பக்கம் சாய்ந்துவிட்டது.

செவ்வாய் காலை தீவனம் போட்டுவிட்டு வந்தால் வண்டியைக் காணோம். நோலா தலைமுடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தாள். திரும்பி வந்ததும் சீட்டு பின்னால் போயிருந்தது, கண்ணாடி கோணியிருந்தது, ரேடியோவில் எவனோ பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தான்.

அதைத் தப்பென்று சொல்லவும் முடியாது. அங்கே வண்டிச் சாவியை யாரும் வண்டியிலிருந்து எடுப்பதில்லை. தேவாலய வாசலானாலும் சரி, சந்தையானாலும் சரி, நடுக்காட்டில் வேலியோரமானாலும் சரி, சாவி அதன் துவாரத்திலேயே தொங்கும். புல்லில் தீப்பிடித்தால், குதிரை யாரையாவது உதைத்துவிட்டால், வண்டி வழியில் நின்றுவிட்டால், கண்ணில் படுகிற முதல் வண்டியில் ஏறிக்கொண்டு போக வேண்டியதுதான். பிறகு பெட்ரோல் நிரப்பிக் கொண்டுவந்து விட்டால் போதும். சாவியை எடுத்துக்கொண்டு போகிறவன் அக்கம்பக்கத்தாரைத் திருடர்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறான். ஆரினுக்கு நினைவு தெரிந்து அப்படிச் செய்தவன் ஒருவன்தான். வெளியூரிலிருந்து வந்த பள்ளிக்கூட வாத்தியார். அவன் ஒரு வருஷம்கூடத் தங்கவில்லை.

செவ்வாய் மத்தியானம் கார்லண்டே எடுத்தான். பிறந்து பத்து நிமிஷம்கூட ஆகாத கன்றுக்குட்டியை, பனிக்குட நீரும் ரத்தமுமாக, முன்சீட்டில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தான். ஆரின் துணியும் வாளியுமாக நின்றான்.

"உன் புது வண்டி இருக்கே, கார்லண்ட்."

"அதுலயா ஏத்தச் சொல்ற? இன்னும் சீட்டு வாசம்கூட போகலடா!"

"இந்த வாரம் இது என்கிட்ட இருக்குன்னு சொன்ன. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேக்கறதா?" கார்லண்டுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சாவி இருந்துச்சு, எடுத்தேன். நீ பதினஞ்சாயிரம் கொடுத்ததுக்கு அப்புறமும் எடுப்பேன். என்ன பண்ணுவ? சாவியைப் புடுங்கி பாக்கெட்ல போட்டுக்குவியா?"

ஆரின் சீட்டைத் துடைத்தான். எவ்வளவு துடைத்தும் நாற்றம் போகவில்லை. பணமும் கொடுத்து, அண்ணனுடைய வண்டியை அண்ணனுக்காகவே கழுவிக்கொண்டு கிடக்கப்போகிறோம் என்பது அவனுக்கு அப்போது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. புதன்கிழமை பச்சை வண்டிக்கு முன்பணம் கொடுத்துவிடுவது என்று முடிவு கட்டினான். கூரை ஒழுகினால் ஒழுகட்டும்.

புதன் காலை மழை தூறிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பண்ணைக்காரன் க்ளீட், நெடுஞ்சாலையில் தபால்பெட்டிகள் இருக்கும் வாசலருகே, மாடு ஏற்றிய வண்டியோடு காத்திருந்தான். அங்கிருந்து வீட்டுக்கு இரண்டு மைல். ஆரின் சிவப்பு பிக்கப்பை வேலியோரம் நிறுத்தினான். ஞாயிற்றுக்கிழமைதான் டேங்க் நிரப்பியது. எஞ்சினை அணைத்து, கதவைச் சாத்திவிட்டு நாலு அடி நடந்தவன், நின்றான். திரும்பிப் போனான். கதவைத் திறந்து சாவியை உருவினான். சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினான்.

க்ளீட் அதைப் பார்த்துவிட்டான். அவன் வாய் சும்மா இருக்குமா?

"என்னடா இது, சாவியைப் புடுங்கிட்டு வர்ற? யாரு திருடப் போறா, நரியா?"

"பழக்கதோஷம்."

"உனக்கா? உன் வீட்டுக் கதவுக்குப் பூட்டே கிடையாதேடா! போய் வச்சிட்டு வா, பார்க்கவே அசிங்கமா இருக்கு."

ஆரினுக்கு முகம் சிவந்தது. திரும்பிப் போய் வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தான். அதற்குள் மழை வலுத்தது, க்ளீட் எஞ்சினை உறுமவிட்டான். ஆரின் ஏறிக்கொண்டான். ஒரே ஒரு நாள், என்று சொல்லிக்கொண்டான். இன்றைக்கு ஒரு நாள் கார்லண்ட் வந்து சாவித்துவாரத்தைப் பார்த்து முழிக்கட்டும்.

பதினோரு மணிக்கு ஆல்டன் சந்தையில் மாடுகள் ஏலம் போய்க்கொண்டிருந்தபோது மழை பனியாயிற்று. பன்னிரண்டுக்குக் காற்று திரும்பி வடக்கிலிருந்து அடித்தது. ரேடியோக்காரன் லேசான தூறல் என்று சொன்ன நாள் அது. ஒரு மணிக்குத் தெருவின் எதிர்ப்பக்கம் தெரியவில்லை. இரண்டு மணிக்கு நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். சந்தைக்கு வந்தவர்கள் எல்லோரும் பெவ்வின் ஓட்டலில் அடைந்தார்கள். பெவ் சூடாகச் சில்லிக் குழம்பும் சினமன் ரோலும் கொண்டுவந்து வைத்தாள்.

"வண்டிக் கடைக்குப் போகலயா ஆரின்? பச்சைக்காரி காத்துக்கிட்டிருக்காளே," என்றாள்.

"இவன் எதுக்குப் போறான்? சிவப்பு பிக்கப் சாவியைச் சிலுவை மாதிரி நெஞ்சுல தொங்கவிட்டுக்கிட்டுத் திரியறான்," என்றான் க்ளீட். ஓட்டலே சிரித்தது.

வழக்கமாக என்றால் ஆரின் குனிந்துகொண்டு சாப்பிட்டிருப்பான். அன்று அவனுக்குக் கூச்சமே வரவில்லை. சட்டைப் பைக்குள் சாவி கனத்தது. அதைத் துணியோடு சேர்த்துத் தடவிப் பார்த்தான். அந்த நிமிஷம் உலகத்தில் அந்த வண்டியை ஓட்டக்கூடியவன் அவன் ஒருவன்தான். கார்லண்டால் முடியாது, நோலாவால் முடியாது. ஒரு சாவியை உருவினால் போதும், அண்ணனுடைய பொருள் தன்னுடையதாகிவிடும்! இது ஏன் ஐம்பத்தாறு வருஷமாகத் தோன்றவில்லை? அவனுக்குச் சந்தோஷம் தொண்டை வரைக்கும் வந்தது.

"ஆமா, சிவப்பைத்தான் வாங்கப் போறேன்," என்றான் எல்லோருக்கும் கேட்கும்படி. "பச்சை எவனுக்கு வேணும்?"

கைதட்டினார்கள். பெவ் அவனுக்கு ஆப்பிள் பை ஒரு துண்டு இனாமாக வைத்தாள். அவன் அதை ரசித்துத் தின்றான். மணி மூன்று இருக்கும்.

தின்று முடித்துவிட்டு, அன்றிரவு தங்கிவிட்டு வருவதாகச் சொல்ல, கல்லாப்பெட்டியருகே இருந்த போனில் வீட்டைக் கூப்பிட்டான்.

"தங்கிக்கோ தங்கிக்கோ," என்றாள் நோலா. "உன் அண்ணன் காலையில நாலு சக்கர பைக்கை எடுத்துக்கிட்டு ரோட்டோர மேய்ச்சலுக்குப் போனான், கிடாரிங்களை ஓட்டிட்டு வர. இன்னும் வரல."

"பைக்லயா? புது வண்டி என்னாச்சு?"

"சேத்துல எடுப்பானா அவன்? போர்வை போர்த்திக் கொட்டகையில நிறுத்தியிருக்கான் மகாராஜன்."

ஆரின் போன் ஒயரை விரலில் சுற்றினான்.

"நான் ஒண்ணும் பயப்படல," என்றாள் நோலா. பயந்த குரல்தான் அது. "உன் சிவப்பு அங்க கேட் பக்கத்துலதானே நிக்குது?"

"ஆமா."

"அப்புறம் என்ன. அதுல ஏறி ஹீட்டரைப் போட்டுக்கிட்டுக் குறட்டை விட்டுட்டிருப்பான். டிராக்டரை எடுத்துக்கிட்டு வேலியோரமா போய்ப் பார்க்கலாமான்னு இருந்துச்சு. இந்தக் காத்துல நான் போய் எங்கயாவது மாட்டிக்கவா? டேங்க்ல எண்ணெய் இருக்கில்ல?"

"நிறைய இருக்கு," என்றான் ஆரின்.

உண்மைதான், நிறைய இருந்தது. போனை வைத்தான்.

ஒரு வரி சொல்லியிருக்க வேண்டும். சாவி என்கிட்ட இருக்கு நோலா, டிராக்டரை எடு. அவ்வளவுதான். பாவி, அது அவன் வாயில் வரவில்லை. வராததற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. சொன்னால் கார்லண்ட் சிரிப்பான். நிஜமாகவே புடுங்கிட்டுப் போயிட்டியாடா என்று கண்ணில் தண்ணி வரச் சிரிப்பான். இனி சாகும்வரை ஒவ்வொரு நன்றிநாளிலும் வான்கோழியோடு அந்தக் கதையும் பரிமாறப்படும். அந்தச் சிரிப்பைத்தான் அவன் நினைத்தான், அண்ணனை நினைக்கவில்லை. கார்லண்ட் கல்லு மாதிரி ஆள், வேலியைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்திருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். காபியை வாங்கி ஆறவிட்டான். சன்னலுக்கு வெளியே பனி கிடைமட்டமாகப் போய்க்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் அப்படி உட்கார்ந்திருந்தான்.

பிறகு எழுந்து மறுபடியும் போன் செய்தான். லைன் செத்திருந்தது.

அப்போதுதான் க்ளீட்டிடம் போய்ச் சொன்னான். க்ளீட் கையிலிருந்த சீட்டுக்கட்டைக் கீழே வைத்தான். அவன் வாயிலிருந்து ஒரு கேலியும் வரவில்லை. ஷெரிப் அலுவலகத்துக்கு ஆள் ஓடியது. பனி தள்ளும் வண்டியே பள்ளத்தில் இறங்கிக் கிடக்கிறது, விடிந்தால்தான் ஆகும் என்று பதில் வந்தது.

விடிந்தபோது வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமாக இருந்தது. பனி தள்ளும் வண்டிக்குப் பின்னாலேயே க்ளீட் ஓட்டினான். இருபத்தெட்டு மைலும் ஊர்ந்தே வந்தார்கள். தபால்பெட்டி வாசலில் ஏற்கெனவே நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். நோலா டிராக்டரில் வந்திருந்தாள். கொஞ்ச தூரத்தில் நாலு சக்கர பைக் பள்ளத்தில் கவிழ்ந்து பனிக்குள் பாதி புதைந்து கிடந்தது. சிவப்பு பிக்கப்பின் கதவைச் சுற்றி மண்வெட்டியால் பனியை வாரிக்கொண்டிருந்தார்கள்.

கதவு திறந்தது. கார்லண்ட் ஸ்டியரிங்குக்குப் பின்னால் நேராக உட்கார்ந்திருந்தான். கையுறையைக் கழற்றியிருந்தான். விரல்நகங்கள் பிய்ந்திருந்தன. ஏன் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வெயில் மறைப்பு இரண்டும் கீழே இழுக்கப்பட்டிருந்தன. சாம்பல்கிண்ணம் பிடுங்கி எறியப்பட்டிருந்தது. டாஷ்போர்டுப் பெட்டியில் இருந்த காகிதம், திருகாணி, கன்றுக்குப் போடும் ஊசி எல்லாம் தரையில் கிடந்தன. கால்மிதிகள் சுருட்டப்பட்டிருந்தன. சீட்டு உறையைக் கத்தியால் கிழித்து, உள்ளே இருந்த பஞ்சை வாரி வெளியே போட்டிருந்தான். எங்காவது விழுந்திருக்கும் என்றுதான் தேடியிருக்கிறான், மனுஷன். அந்த ஊரில் பிறந்தவனுக்கு, ஒருவன் சாவியை எடுத்துக்கொண்டு போயிருப்பான் என்று எப்படித் தோன்றும்?

நின்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி ஆரினைப் பார்த்தார்கள். அவன் கை சட்டைப் பைமேல் இருந்தது.

கார்லண்டைத் தூக்கி வேறொரு பிக்கப்பின் பின்புறம் படுக்கவைத்தார்கள். கால்கள் மடங்கியபடியே இருந்ததால் பக்கவாட்டில்தான் படுக்கவைக்க முடிந்தது. பிறகு அவள் ஆரினிடம் வந்து உள்ளங்கையை நீட்டினாள்.

"கொடு."

அவன் பொத்தானைக் கழற்றிக் கொடுத்தான். சாவி உடம்புச் சூட்டில் இருந்தது. அதை அவள் ஒரு கணம் மூடிப் பிடித்திருந்தாள். கிழிந்த சீட்டில் ஏறி உட்கார்ந்து, சாவியைப் போட்டுத் திருப்பினாள். ஒரே திருப்பு. வண்டி எழுந்து நின்றது. ஹீட்டரை முழுசாகத் திருகிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணாடியில் உறைந்திருந்த பனி அடியிலிருந்து உருகி வழிய ஆரம்பித்தது.

"ரெண்டு நிமிஷம்," என்றாள். "சொன்ன மாதிரியே."

சனிக்கிழமை அடக்கம். தேவாலயத்தின் நிலவறையில் பன்றிக்கறி சாண்ட்விச்சும் காபியும் கொடுத்தார்கள். ஆரின் தட்டோடு போய் நின்ற இடமெல்லாம் காலியாயிற்று. அவன் முதுகுக்குப் பின்னால், அவன் காதில் விழ வேண்டும் என்றே ஒரு கிழவி சொன்னாள்: "ரெண்டு தடவை நடனத்துக்குக் கூட்டிட்டுப் போனவன்தானே இவன்? முப்பது வருஷம் காத்திருந்திருக்கான் பாரு." ஆரின் காபியைக் குடித்து முடித்தான்.

மறுநாள் ஞாயிறு. மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லி நோலா ஆளனுப்பியிருந்தாள். அதே மேஜை, அதே உருளைக்கிழங்கு. கார்லண்டின் தட்டையும் வைத்திருந்தாள். ஆரின் உட்கார்ந்ததும் கேட்டாள்.

"இன்னைக்குப் பதில் சொல்லணும்ல?"

"நோலா... வேண்டாம். அந்த வண்டி எனக்கு வேண்டாம்."

"ஆல்டன்ல அத்தனை பேர் முன்னாடி வாங்கறேன்னு சொன்னியாமே? பெவ் சொன்னா. பை கூடக் கொடுத்தாளாம்." உருளைக்கிழங்கை அவன் தட்டில் வைத்தாள். "அப்ப மணி மூணாம்."

அவன் கரண்டியைத் தொடவில்லை.

"பதினஞ்சாயிரம். தம்பியாச்சேன்னு அவன் குறைச்ச விலை, அதை நான் மாத்த மாட்டேன். மெக்கானிக்கிட்ட காட்டணுமா?"

"வேண்டாம்."

"சீட்டைத் தைக்கக் கூடாது. கிழிஞ்சது கிழிஞ்சபடியே இருக்கணும். டெய்லி காலையில என் சமையலறை சன்னலைத் தாண்டித்தான் நீ வேலைக்குப் போகணும். போறப்ப நான் பார்ப்பேன்." வண்டியின் பத்திரத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கார்லண்டின் பெயருக்குக் கீழே அவள் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தாள். "கூரைக்கு ஆள் சொல்லிட்டேன். செவ்வாய்க்கிழமை வருவாங்க."

ஊரைவிட்டே போயிருக்கலாம். பணம் இருந்தது, வயதும் அப்படி ஒன்றும் ஆகிவிடவில்லை. ஆனால் அண்ணன் வீட்டு மேஜையில் வைத்ததை வேண்டாம் என்று தள்ளிவிட்டு எழுந்து போக அவன் ஐம்பத்தாறு வருஷத்தில் பழகவேயில்லை. காசோலை எழுதினான். நோலா அதை விளக்குக்கு நேராகப் பிடித்துப் படித்து, மடித்து ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டு, "சாப்பிடு, ஆறிடும்," என்றாள்.

இப்போதும் அந்தச் சிவப்பு பிக்கப்பை அங்கே பார்க்கலாம். எதிரே வருகிறவர்கள் இரண்டு விரலும் தூக்குவதில்லை, ஒரு விரலும் தூக்குவதில்லை. ஆரின் எங்கே நிறுத்தினாலும் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுத்தான் போகிறான். தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று சாவியில் ஒரு சிவப்புத் துணியும் கட்டியிருக்கிறான். கடை வாசலில் அதைக் கடந்து போகிறவர்கள் குனிந்து உள்ளே பார்த்துவிட்டு, மூக்கால் ஒரு சத்தம் விட்டுக்கொண்டு போகிறார்கள்.

போன ஜூலையில் க்ளீட்டின் புல்வெளியில் இடி விழுந்து தீப்பிடித்தது. க்ளீட் ஓட்டலிலிருந்து ஓடிவந்தான். அவனுடைய வண்டி பட்டறையில் கிடந்தது. வாசலில் முதலாவதாக நின்றது ஆரினுடைய சிவப்பு பிக்கப்தான், கதவுகூடத் திறந்திருந்தது.

"எடுத்துக்கோ க்ளீட், சாவி இருக்கு!" என்று ஓட்டலுக்குள்ளிருந்து ஆரின் கத்தினான். "இருக்குடா, பாரு! இருக்கு!"

க்ளீட் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தெருக்கோடிவரை ஓடி, அங்கே நின்ற எவனோ ஒருவனுடைய வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அதற்குள் நாற்பது ஏக்கர் எரிந்துபோனது.

ஆரின் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் தன் வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினான். சீட்டு அவன் இழுத்துவிட்ட இடத்திலேயே இருந்தது. கண்ணாடி அவன் திருப்பியபடியே இருந்தது. ரேடியோவில் அவன் வைத்த ஸ்டேஷன்தான் பாடிக்கொண்டிருந்தது.